பன்னிரண்டு அங்குலம்

ஊஞ்சலுக்குக் கீழே எப்போதும் ஒரு பள்ளம்.
பிள்ளைகளின் குதிக்கால் தோண்டுவது.
கிழமைக்கு மூன்று அங்குலம் போகிறது என்று
குச்சி வைத்து அளந்து சொன்னவள் மனோரஞ்சிதம்.
அளக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

ஒட்டுசுட்டான் உப அலுவலகத்தில்
கணக்குப் பார்ப்பவன் நான்.
விழுந்த பிள்ளை எதையும் தூக்கியதில்லை.
விழுவதற்கான செலவை எழுதுகிறேன்.

முதலில் றப்பர் இருந்தது,
நீலமும் சிவப்புமாய்ச் சதுரங்கள்.
வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விரித்துத் தந்து
நாடா வெட்டிப் படமெடுத்துப் போனது.
கோவையில் பராமரிப்பு என்ற தலைப்பின் கீழ்
ஒரு வெறுந்தாள்,
அதிலும் கறள் பிடித்த கிளிப்பின் தடம்.

சித்திரை வெயிலுக்கு மூலைகள்
அப்பளமாய்க் கிளம்பின.
மாரியில் அடியில் தண்ணீர் நின்றது,
வற்றியதும் கட்டெறும்பு குடியேறியது.
மத்தியானத்தில் செருப்பில்லாமல் வந்தவர்கள்
நிறத்துக்கு நிறம் துள்ளித் துள்ளி ஓடினார்கள்;
நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தோம்.
ஒரு சதுரம் காணாமற் போய்
சைக்கிள் கடை வாசலில் கால்மிதியாய்க் கிடந்தது.
ஐந்தாம் வருடம் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன்:
சீமெந்து.
நீல நிறத்தில் சீமெந்து.

அந்த ஆனியில்தான் யதுகுலனின் முழங்கை முறிந்தது.
ஒரு சதுரம் மாற்ற என்ன விலை என்று
கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
சொன்ன தொகையை இரண்டு முறை திருப்பிக் கேட்டு
நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே மணல்.
மணல் மலிவு என்றார்கள் கூட்டத்தில்.
மலிவில்லை, தவணைக்கு வாங்கும் விலை.
டிப்பருக்கு ஒன்று, பெர்மிற்றுக்கு ஒன்று கொடுத்துப் பறித்தால்
மழை கொஞ்சம் எடுத்துப் போகும்,
பிள்ளைகளின் சட்டைப்பை கொஞ்சம்,
மதில் கட்டுகிறவர் யாரோ இரவில் இரண்டு வாளி.
மிச்சம் இறுகும்.
இறுகிய மணலும் நீலச் சீமெந்துதான்,
நிறம் மட்டும் வேறு.

மனோரஞ்சிதம் காலை ஆறரைக்கு வருவாள்.
நாட்கூலி. ஆறு மாதத்துக்கொருமுறை
அவளை நான் புதிதாய் நியமிக்கிறேன்.
அவள் றேக் இழுப்பது வேறு மாதிரி:
முழந்தாளிட்டு, தன்னை நோக்கி, மெல்ல,
ஒரு கோடு முடியாமல் அடுத்த கோடு இல்லை.
கேட்டேன்.
"ஒன்பது வருசம் மிதிவெடி எடுத்தனான், சேர்.
கை அப்பிடியே பழகிப்போச்சு."
பிறகு, றேக்கைத் தட்டி மணல் உதிர்த்தபடி,
"அதில ஒரு துண்டு முடிஞ்சால் முடிஞ்சதுதான்,
கையெழுத்து வைச்சுக் காணியைக் குடுத்திடுவினம்.
இது முடியாது."

அவளுக்குக் கிடைப்பவை:
போத்தல் ஓடு, சோடா மூடி, ஆட்டுப் புழுக்கை,
தோடு ஒற்றை,
ஒருநாள் ஒரு பாற்பல்.
பல்லை மட்டும் கடதாசியில் சுற்றி
என் மேசையில் வைத்துப் போனாள்.
எந்தத் தலைப்பில் பதிய?
லாச்சிக்குள் முத்திரைகளோடு கிடக்கிறது.

இந்த முறை வரவுசெலவில் எழுதினேன்:
மணல் மீள்நிரப்பல், றேக் ஒன்று, ஆள் ஒருவர்,
வருடந்தோறும்.
தவிசாளரின் பேனை கடைசிச் சொல்லில் நின்றது.
"வருசா வருசமோ? எப்ப முடியும் இது?"
ஊஞ்சலைக் கழற்றினால், சேர்,
என்று நாக்கு நுனிவரை வந்தது.
தேத்தண்ணீர் வந்ததால் விழுங்கிவிட்டேன்.
அவர் வெட்டி, ஒரு தடவை என்று திருத்தி,
சுருக்கொப்பம் வைத்தார்.

அந்த ஒரு தடவை தை மாதமே கொட்டியாயிற்று.
இன்று பங்குனி. குச்சி ஏழில் நிற்கிறது.
அவள் ஓரத்து மணலை நடுவுக்கு இழுக்கிறாள்.
நடு பன்னிரண்டாகிறது,
ஓரம் நாலாகிறது.
நின்று பார்க்கிறாள்,
கொஞ்சத்தை மறுபடி ஓரத்துக்குத் தள்ளுகிறாள்.

முன்பள்ளி விட இன்னும் இருபது நிமிடம்.